செல்போன் கேட்கும் குரல், கேட்காத குரல்

 

நம் பள்ளியில் படித்த ஒருவர், இப்போது வெளிநாட்டில் வேலை. ஊருக்கு வந்திருந்தபோது எடுத்த ஒலிப்பதிவு ஒன்றைப் போன வாரம் எனக்கு அனுப்பியிருந்தார். "டீச்சர், அம்மா பாடின நடவுப் பாட்டு. செல்லுல எடுத்தேன். பாதி கேக்கவே இல்லை. மைக்கோட சென்சிடிவிட்டிய எங்க போய்க் கூட்டணும்?" என்று கேட்டிருந்தார். போட்டுக் கேட்டேன். அம்மா முதல் அடி எடுத்துக் கொடுப்பது தெளிவாக இருக்கிறது. பின்பாட்டுப் பெண்கள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் வந்து வந்து மறைகிறார்கள். நடுவில் ஒரு குலவை. அதற்குப் பிறகு இரண்டு அடிகள் போன இடமே தெரியவில்லை.

பெரும்பாலான போன்களில் அதற்கென்று ஒரு திருகு கிடையாது என்று அவருக்கு உடனே பதில் போட்டுவிட்டேன். ஏன் கிடையாது, அந்தத் திருகு யார் யார் கையில் இருந்து எங்கே போனது என்பது பெரிய கதை. நம் தஞ்சாவூர்ச் சீமைக்கும் அதில் பங்கு உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மைக் என்பதே இல்லாத காலத்தில் குரலைப் பெரிதாக்க எளிய வழி, தொண்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்வெட்டிலேயே கணக்கு இருக்கிறது. பக்திக்காகச் செய்ததுதான். ஆனால் அந்தக் கல்வெளியில் நின்று பார்த்தவர்களுக்கு, ஒற்றைக் குரல் அங்கே எத்தனை தூரம் போகும் என்பதும் தெரியும். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும் என்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

இன்னொரு வழி, பாடுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர்களைத் திருத்துவது. நாயக்கர் காலத்தில் அரண்மனைக்குள் சங்கீத மகால் கட்டினார்கள். மெல்லிய சங்கீதம் வெளிச் சத்தத்தில் கரைந்து போகாமல் உட்கார்ந்து கேட்க ஒரு இடம். தஞ்சை அரசவைக் கலைஞர்கள் மரபில் வந்த வீணை தனம்மாள் (1867-1938) சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். நாதம் மிக மெல்லியது. வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம். சென்சிடிவிட்டியைக் கூட்டியது அங்கே கேட்பவரின் காதில்.

பிறகு இயந்திரம் வந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது கிராமபோன் தட்டுக்காக இந்தியாவில் நடந்த முதல் பதிவுகளில் ஒன்று. அதில் மின்சாரமே கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்பு, அதன் கோடியில் மெல்லிய தகடு, அதோடு ஒரு ஊசி, கீழே சுழலும் மெழுகு. குரலின் சொந்தப் பலமே ஊசியை அசைத்துக் கோடு கிழிக்க வேண்டும். அதனால் கூம்பின் வாய்க்குள் முகத்தை வைத்து உரத்துப் பாட வேண்டும். உச்சஸ்தாயி வந்தால் பின்னால் சாய வேண்டும், கீழே இறங்கினால் முன்னால் வர வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் பாடகரின் கழுத்திலேயே இருந்தது. உரத்த குரல் தேறியது. மென்மையான தந்தி வாத்தியம் பட்ட பாடு சொல்ல வேண்டியதில்லை.

கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் அச்சானவை. அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக என்பார்கள். இதை நினைவில் வையுங்கள், கீழே ஒரு இடத்தில் தேவைப்படும்.

மைக்கின் கதை தனியாக டெலிபோன் பக்கம் வளர்ந்தது. 1878ல் லண்டனில் டேவிட் ஹியூஸ் என்பவர் கரித்துண்டுகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒலி பட்டால் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் மாறுகிறது என்று காட்டினார். மைக்ரோபோன் என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். 1916ல் அமெரிக்காவில் வென்டி என்ற பொறியாளர் கண்டன்சர் மைக்கை உருவாக்கினார். 1925ல் மின்சாரப் பதிவு தொடங்கியது, சில ஆண்டுகளில் நம் நாட்டுக்கும் வந்தது. 1932ல் தனம்மாளின் வீணை தட்டில் ஏறியது என்றால், அதற்கு அந்த மின்சாரக் காதுதான் காரணம். கூம்புக்கு முன்னால் வைத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்!

சென்சிடிவிட்டி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மைக் எவ்வளவு மெல்லிய ஒலிக்கு எவ்வளவு மின்குறிப்பைத் தரும் என்பதுதான் அதன் சென்சிடிவிட்டி. அது மைக்கைச் செய்யும்போதே முடிவாகிவிடும். நாம் கூட்டிக் குறைப்பது அந்த மின்குறிப்பைப் பெருக்கும் அளவை. அதற்குப் பெயர் கெயின். கடையில், போனில், பேச்சில் எல்லாம் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் கெயினைக் கூட்டினால் அம்மாவின் குரல் மட்டும் கூடாது, மின்விசிறியும் சேர்ந்துதான் கூடும்.

அந்த கெயின் திருகை முதன்முதலில் நம் கண் முன்னால் திருகியவர் மைக்செட் அண்ணன். எனக்கு இவர்மேல் தனி மரியாதை உண்டு. அதுவரை எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சக் குரலில் பாடினார்கள். 1933ல் அவர் காலமானபோது வயது 27தான். மைக் பரவிய பிறகு அந்த உச்சம் கட்டாயமில்லை என்றானது. கல்யாண வீட்டில் அகுஜா ஆம்ப்ளிபயர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டுத் திருகை மெல்ல நகர்த்துவார். குழாய் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய் "கூ..." என்று ஊளையிட ஆரம்பித்தால், ஒரு மயிரிழை பின்னால் திருப்புவார். ஏட்டில் படித்த படிப்பில்லை அது, காதால் படித்தது.

நாகசுரத்தையும் பாருங்கள். திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். உயர்ந்த சுருதியில், குட்டையாக இருப்பது திமிரி. நீளமாக, சுருதி தாழ்ந்து இருப்பது பாரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) பாரியைத் தமதாக்கிக்கொண்டார். அவருக்காக 1950களில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த வாத்தியம் பேர்போனது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கச்சேரி மேடையும் மைக்கும் வந்துவிட்ட காலத்தில்தான் தாழ்ந்த சுருதிக்கு இடம் பிறந்தது என்பது என் எண்ணம். வீதியைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் போனபோது, கார்வைக்கு மதிப்பு கூடியது.

வானொலிக்கு வருவோம். திருச்சி நிலையம் 1939 மே 16ல் தொடங்கியது. எங்கள் சிறு வயதில் பஞ்சாயத்து ரேடியோவில் அதைத்தான் கேட்போம். 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல் வந்தது. அதைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லி, நம் ஜில்லாவில் அந்த ரகத்துக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் ஆகிவிட்டது. இளையவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம், வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு மைக்கின் முன்னால் பேசிய குரல் வயலில் விளைந்த கதை இது. அங்கே திருகு ஒரு பொறியாளர் கையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முள் ஆடுவதைப் பார்த்துக் குரலை ஏற்றி இறக்குவார்.

திருகு மனிதர் கையை விட்டுப் போனது கேசட் காலத்தில். 1962ல் பெல் ஆய்வகத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். மலிவு, சிறிது, நல்ல தரம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர்கள் தோளில் தூக்கி வந்த டூ-இன்-ஒன் பெட்டிகளில் பொடித்துளை ஒன்று இருக்குமே, அதற்குள் இருந்தது இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ அம்மாக்களும் மனைவிமார்களும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். அந்தப் பெட்டிகள் பலவற்றில் பதிவின் அளவைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு இருந்தது. பேசினால் அளவு இறங்கும். பேச்சை நிறுத்தினால் ஏறும், சுவர்க்கடிகாரமும் காக்கையும் பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கும். பழைய கேசட் கடிதங்களில் அழுகைக்கு நடுவே வரும் மௌனத்தில் "ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல் எழும்புமே, அது இதனால்தான்.

செல்போன் இதன் பேரன். மைக் இப்போது சில மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கான் துணுக்கு. போனுக்கு இரண்டு, மூன்று இருக்கும். பழைய கரி மைக்கை நினைத்தால் காது கெட்டது என்று சொல்லவே முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணக்கு, தெருவில் நின்று ஒருவர் பேசுவதை இன்னொருவர் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. அருகில் ஒலிக்கும் ஒற்றைக் குரல்தான் அதற்குக் குரல். தொடர்ந்து ஒரே சீராக வருவது இரைச்சல். மேலே இருக்கும் மைக் சுற்றுப்புறத்தைக் கேட்டுக் கொடுக்கும், கீழே இருக்கும் மைக்கின் பதிவிலிருந்து கணக்கு அதைக் கழித்துவிடும்.

இதை 2020ல் ஊரடங்கின்போது ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுத்தவர்கள் நன்றாக அனுபவித்திருப்பார்கள். சுருதிப் பெட்டியைப் போட்டால் முதல் சில வினாடிகள் கேட்கும், பிறகு காணாமல் போகும். கணக்குக்குத் தம்புராவும் மின்விசிறியும் ஒன்றுதான்! கடைசியில் ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" என்று இருப்பதைத் தட்டிவிட்டால்தான் சுருதி திரும்பி வரும் என்று கண்டுபிடித்தார்கள்.

நம் மாணவரின் அம்மா பாட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. பின்பாட்டுப் பெண்கள் தள்ளி உட்கார்ந்து ஒரே சீராக இழுத்திருக்கிறார்கள், அவர்களைச் சுற்றுப்புறம் என்று போன் எடுத்துக்கொண்டது. குலவை பாய்ந்து வந்ததும் அளவைச் சட்டென்று இறக்கியது. இறக்குவது வேகமாக, ஏற்றுவது நிதானமாக. அந்த நிதானத்தில் இரண்டு அடிகள் மூழ்கின. அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. நடவுப் பாட்டு என்றாலே ஒருத்தி எடுக்க, பத்துப் பேர் வாங்குவது. வாங்குகிறவர்களை அழித்துவிட்டால் அது வேறு பாட்டு.

அப்படியானால் என்ன செய்யலாம்? திருகு போய்விட்டது, தூரம் நம் கையில் இருக்கிறது. தூரம் பாதியானால் வந்து சேரும் குரலின் ஆற்றல் நாலு மடங்கு. ஒருவர் மட்டும் பாடினால் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் போதும். மூச்சுக்காற்று நேரே மோதாமல் போனைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். சார்ஜர் செருகும் இடத்தின் பக்கத்தில் இருக்கும் பொடித்துளைதான் அதன் முக்கியக் காது. அதை விரலாலும் கவராலும் மூடிவிடாதீர்கள். மேசைமேல் அப்படியே வைக்காமல், மடித்த துண்டின்மேல் வையுங்கள். பலர் பாடினால் போனை நடுவில் வைத்து அரைவட்டமாக உட்கார வையுங்கள், உரத்த குரல் உள்ளவரைக் கொஞ்சம் தள்ளி. மின்விசிறியை நிறுத்துங்கள், பத்து நிமிடம் வேர்த்தால் பரவாயில்லை. வெறுஞ்சுவர்க் கூடத்தைவிட பாய், மெத்தை, துணி நிறைந்த அறை நல்லது. ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வராது.

செயலி விஷயம்: ஒலிப்பதிவுக்கென்றே உள்ள செயலிகள் சிலவற்றில் கெயின் அளவும், "நாய்ஸ் ரிடக்‌ஷன்", "ஆட்டோ கெயின்" ஆகியவற்றை நிறுத்தும் வசதியும் உண்டு. இரண்டையும் நிறுத்துங்கள். சாம்சங் போனில் வாய்ஸ் ரெக்கார்டரில் "இன்டர்வியூ" என்று இருந்தால், மேல் மைக்கும் கீழ் மைக்கும் இரண்டு பக்கத்துக் குரலையும் எடுக்கும். எந்தப் போனானாலும், முதலில் குலவையை மட்டும் போடச் சொல்லி ஒரு நிமிடம் எடுத்துக் கேளுங்கள். அதில் கரகரப்பு வந்தால் அளவைக் குறையுங்கள். மெலிந்த பதிவைப் பிறகு பெரிதாக்கலாம். உடைந்துபோன பதிவை யாராலும் ஒட்ட முடியாது.

பாட்டுக்கு முன்னால், கௌஹர் ஜான்போல், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றது, எந்த வேலைக்குப் பாடியது. தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசி அனுப்பும் முறை வேண்டாம், அது ஒலியைப் பிழிந்துவிடும். தனியாகப் பதிந்து, "டாக்குமென்ட்" என்று கோப்பாக இணைத்து அனுப்புங்கள். அசலை அழிக்காமல் வைத்திருங்கள்.

நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்து பல வருடம் ஆகிறது. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும் வரப்பில் நின்று கேட்க இப்போது மோட்டார் சத்தம்தான் மிச்சம். பாடத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அதனால் தாலாட்டு, கும்மி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் நடவுப் பாட்டு தெரிந்த ஆத்தா, அப்பத்தா, அத்தை, சின்னம்மா யார் இருந்தாலும் முதலில் அவர்களிடம் போங்கள். தனியாகப் பாட வைக்காதீர்கள், கூடப் பாடினவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆட்டோ வாடகை வேண்டுமானால் நான் தருகிறேன்.