1967: நட்பும் ஓட்டும்

'கொள்கை வேறு, நட்பு வேறு' என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். சொல்கிறவர்கள் கையோடு காட்டும் உதாரணம் பெரியார் – ராஜாஜி. ஈரோடு, சேலம் நகராட்சித் தலைவர்களாகப் பழகியவர்கள். பெரியாரைக் காங்கிரசுக்குள் இழுத்து வந்ததில் ராஜாஜிக்குப் பெரும் பங்குண்டு. 1925இல் பெரியார் வெளியேறினார். 1953இல் முதல்வர் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று ஊர் ஊராகத் தாக்கினார்; அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலக வேண்டியதாயிற்று. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது பெரியார் கண்ணீர் விட்டு அழுதார். 'அரசியல் நாகரிகம்' என்று முத்திரை குத்தி நாமும் மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

மூட்டையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம். இந்த நட்பு பிழைத்தது கொள்கையை ஒதுக்கி வைத்ததால் அல்ல. நட்பின் பேரால் ஒருவர் மற்றவரிடம் மௌனத்தைக் கேட்காததால்.

தேர்தல் கேட்பது வேறு. அதற்கு எண்ணிக்கை வேண்டும். 1949இல் தி.மு.க. பிரிந்தபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்தார்கள். பெரியாரோ அவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று கேலி செய்தார். 1957இல் தி.மு.க. தேர்தலில் இறங்கியது, அதிலிருந்து மூன்று பொதுத் தேர்தல்களிலும் பெரியார் காமராசர் பக்கம் நின்றார். 1967இல் காங்கிரசுக்கு எதிரான ஓட்டு சிதறக்கூடாது என்று அண்ணா ராஜாஜியோடு கூட்டு வைத்தார். பெரியாரின் நண்பர், கொள்கை எதிரி. அவர் இப்போது மாணவரின் கூட்டாளி. மாணவரோ களத்தில் எதிராளி. கொள்கையை வைத்து மட்டும் இந்தக் கணக்கைப் போட்டால் விடை வராது.

தி.மு.க. 137 இடங்களில் வென்றது. அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். பதினெட்டு ஆண்டு மனத்தாங்கல் கரைந்தது. சட்டத்தின் கண்ணில் செல்லாதிருந்த சுயமரியாதைத் திருமணங்கள் அந்த ஆண்டே சட்டமன்றத்தில் ஏற்பு பெற்றன. நட்பு திரும்பியதன் விளைச்சல் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அதெல்லாம் சரி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்போது முதல்வர் அண்ணா. 1953இல் ராஜாஜி அரசை உலுக்கிய பெரியாரின் கோபம் அந்த அளவுக்கு இந்த அரசின் மேல் திரும்பவில்லை. நட்பு மட்டுமே இதற்குக் காரணமென்று சொல்லிவிட முடியாது. நட்புக்கு இதில் பங்கே இல்லையென்றும் தள்ளிவிட முடியாது.

தேர்தல் நட்பை முறிக்கிறது என்று அங்கலாய்க்கிறோம். தேர்தல் முடிந்தபின் ஒட்டிக்கொள்ளும் நட்பு எதைக் கேட்காமல் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எதிரியிடம் கேட்ட கேள்வியை நண்பன் ஆளும்போது அவனிடமும் கேட்கிறோமா? உரசல் அங்கேதான் வர வேண்டும். வரட்டுமே.