முத்துத் துளையிடல்

முத்துத் துளையிடல் என்பது சிப்பியிலிருந்து எடுத்த முத்தை நூலில் கோக்கவோ அணியில் பதிக்கவோ ஏற்றபடி அதில் நுண்துளை இடும் தொழில். மன்னார் வளைகுடாவின் மேற்கே கொற்கை, தூத்துக்குடி, கீழக்கரை, கிழக்கே மாந்தை, மன்னார் என இருகரையிலும் நடந்த முத்து வணிகத்துக்கு இன்றியமையாதது. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பைப் பற்றி, அதாவது பரதவர், சுறாவைக் கட்ட மந்திரம் ஓதிய கடல்கட்டி, கூடாரச் சந்தை பற்றியெல்லாம், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். துளையிட்டவருக்குக் கிடைத்தவை சில வரிகள்தாம். ஆணிமுத்தே ஆனாலும் அது மாலையில் ஏறுமா, உடைந்து தூளாகுமா என்பது அவர்கள் கையில் இருந்தது.

முத்து அவ்வளவு கடினமான பொருள் அன்று. மோஸ் அளவுகோலில் 2.5 முதல் 4.5 வரைதான், எஃகு ஊசி தாராளமாக இறங்கும். தொல்லை அதன் கட்டமைப்பில் இருக்கிறது. அரகோனைட் என்னும் சுண்ணாம்புத் தகடுகளைக் கரிமப் பசை ஒட்டிவைக்க, ஏடு மேல் ஏடாக வளர்ந்தது முத்து. உராய்வின் சூடு ஏறினால் அந்தப் பசை காயும், ஏடு விரியும். குடைந்த தூள் வெளியேறாவிட்டால் முனை அடைபட்டு இன்னும் சூடாகும். எல்லாவற்றையும் விட ஆபத்தான கட்டம், முனை மறுபக்கம் வெளிவரும் நொடி: கடைசி ஏடுகளுக்குத் தாங்கல் இல்லாததால் அவை சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆகவே பாதி வரை ஒருபுறமும் மீதியை எதிர்ப்புறமும் குடைந்து நடுவில் சந்திக்கச் செய்வதே தேர்ந்தவர் வழக்கம்.

பணக்கணக்கும் உண்டு. இயற்கை முத்துக்கு எடையின் வர்க்கத்தை வைத்து விலை மதிக்கும் முறை இருந்தது. துளையில் எடை நூற்றுக்கு இரண்டு குறைந்தால் மதிப்பில் ஏறத்தாழ நான்கு போய்விடும். வேகமாகத் துளைப்பவரைக் காட்டிலும் குறுகலாகத் துளைப்பவருக்கு மரியாதை கூடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கொற்கை, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம். இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் சிற்றூர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் முத்து விளையும் இடங்களில் தாமிரபரணியையும் பாண்டிய கவாடகத்தையும் வைத்துவிட்டு, நல்ல முத்தின் இலக்கணம் கூறுகிறது. பெரியது, உருண்டையானது, ஓரிடத்தில் நில்லாமல் உருள்வது, ஒளி, வெண்மை, கனம், வழவழப்பு எனப் போய்க் கடைசியில் ‘உரிய இடத்தில் துளைக்கப்பட்டது’ என்று முடிக்கிறது. மற்ற எல்லாம் கடல் கொடுத்தவை. மனிதன் சேர்த்த குணம் இது ஒன்றே. அதையும் தர அளவுகோலில் சேர்த்தவர் சந்தையை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். மதுரையின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் மதுரைக்காஞ்சி, சங்கு கடைவோரோடு மணிகளுக்குத் துளையிடுவோரையும் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும் இடத்தில் காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்துக்கு வரும் குற்றங்களைச் சொல்கிறது.

துரப்பண முனையின் வரலாற்றில் பெரிய பாய்ச்சல் கல்மணித் தொழிலில் நிகழ்ந்தது. சூதுபவளம், பளிங்கு போன்றவை மோஸ் அளவில் 7ஐ ஒட்டியவை. அவற்றிடம் எஃகு தோற்கும். இரும்புக் கம்பியின் நுனியில் வைரச் சில்லைப் பதித்து வில்லால் சுழற்றும் உத்தி இங்கேதான் கைகொடுத்தது. இதை உறுதிசெய்தவர்கள் இரண்டு பல் மருத்துவத் துறை வல்லுநர்கள் என்பது சுவையான செய்தி. கோரெலிக், க்வின்னட் என்ற அமெரிக்கர்கள், பல்லுக்கு அச்செடுப்பது போலவே பழைய மணிகளின் துளைக்குள் சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, அதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துக் கோடுகளைப் படித்தார்கள். மாந்தையில் கிடைத்த, கி.பி. 700–1000 காலத்து மணிகளில் வைர முனையின் தடம் இருப்பதை 1980களில் வெளியிட்டார்கள். மென்மையான முத்துக்கு வைரம் தேவைப்படவில்லை. வில்லும் கைப்பழக்கமும் இரண்டு தொழிலுக்கும் பொது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசன் அளித்த நகைகளின் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து எண்ணியும் நிறுத்தும் பதிகின்றன. அவற்றில் கோத்த முத்துகள் ஏராளம். அத்தனைக்கும் யாரோ துளையிட்டிருக்கிறார்கள். கோணல் முத்தைத் துளைப்பது உருண்டையைத் துளைப்பதைவிடக் கடினம். மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு மன்னன் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த பட்டுநூலை மார்பில் தொங்கவிட்டிருந்ததாக எழுதினார்.

கருவியின் முழு வருணனை 1803ல் கிடைக்கிறது. அவ்வாண்டு வெளிவந்த தம் இலங்கை நூலில், கொண்டச்சிக் குடாவின் சலாபத்தைச் சொல்லும்போது ராபர்ட் பெர்சிவல் இதை விவரிக்கிறார். தலைகீழ்க் கூம்பாகச் செதுக்கிய மரக்கட்டை, உயரம் ஏறத்தாழ 6 அங்குலம், மேல்முகம் 4 அங்குலம். ஓரடி உயரக் கால்கள் மூன்று. மேல்முகத்தில் பல அளவுக் குழிகள். பெரிய முத்தைக் குழியில் வைப்பார்கள். சிறியதை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்குவார்கள். முத்தின் அளவுக்கு ஏற்பத் துளையிடும் கதிர்களை மாற்றிக்கொள்வார்கள். இடக்கை கதிரின் மரத்தலையை அழுத்த, வலக்கை வில்லை இழுக்கும். அதே வலக்கையின் சுண்டுவிரல் பக்கத்துச் சிரட்டையிலிருந்து நீரைத் தொட்டு முத்தின் மேல் விடும்; வில் நிற்காது. நீண்ட பழக்கம் இல்லாமல் இது வராது என்கிறார் பெர்சிவல். முத்தை உருட்டிச் சீராக்கி மெருகேற்றவும் முத்துத் தூளையே பயன்படுத்தினார்கள்.

இந்த எளிய ஏற்பாட்டைப் பொறியியல் கண்ணோடு பார்த்தால் துளையிடலின் மூன்று பெரிய கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது. பொருளை அசையாமல் பிடிப்பது குழியின் வேலை. முனையைக் குளிர்வித்துத் தூளை அகற்றுவது சுண்டுவிரல் நீரின் வேலை. அழுத்தத்தைக் கணத்துக்குக் கணம் கூட்டிக் குறைப்பது இடக்கை. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது குழாய்வழி சேற்றுக்குழம்பை இறக்குவதும் முனையைக் குளிர்விக்கவும் வெட்டுத் தூளை மேலே கொண்டுவரவுமே. வில் முன்னும் பின்னுமாகச் சுழற்றுவதால் இருதிசையிலும் வெட்டும் தட்டை முனை அதற்குப் பொருந்தும். ஒரே திசையில் வெட்டும் முறுக்கு முனை, ஒருபக்கமே சுழலும் எந்திரத்துக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடா முத்தும் மன்னார் முத்தும் பம்பாய்ச் சந்தையில் குவிந்தன. துளையிடலும் கோத்தலும் அங்கே பெருந்தொழிலாயின. தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார் முதலிய முத்துப் படுகைகளில் குளிப்பு விட்டுவிட்டு நடந்தது. 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி.

இதற்கிடையில் ஜப்பானிலிருந்து வளர்ப்பு முத்து வந்து சந்தையைக் கலக்கியது. வெளியே பார்த்து இயற்கையா வளர்ப்பா என்று சொல்ல முடியவில்லை. துப்புக் கொடுத்தது துளை. 1920களில் பிரான்சில் உருவான உள்நோக்கிக் கருவியில், இரு சிறு கண்ணாடிகள் கொண்ட மெல்லிய குழல் ஊசியைத் துளைக்குள் செலுத்துவார்கள். இயற்கை முத்தென்றால் ஒளி வட்ட ஏடுகளைச் சுற்றிவந்து இரண்டாம் கண்ணாடியில் மின்னும். வளர்ப்பு முத்தென்றால் உள்ளே வைத்த சிப்பி மணியின் நேர் ஏடுகள் வழியே ஒளி வெளியே ஓடிவிடும். துளையிடாத முத்துக்கு எக்ஸ் கதிர்தான் வழி.

1973ல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி குழுவினர் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். உட்கருவாக இங்குள்ள சங்கின் ஓட்டையே உருட்டிப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வளர்ப்பு முத்து துளையிடலுக்குப் புதுச் சிக்கலைக் கொடுத்தது: மேலே மெல்லிய முத்துப் படலம், உள்ளே வேறு பொருள், மறுபடி படலம். எல்லையில் படலம் உரியும். உட்கரு ராட்சதச் சிப்பியின் ஓடாக இருந்தால் துளையிடும்போது பிளப்பதும் உண்டு.

இன்றைய எந்திரத்தில் எதிரெதிரே இரு கதிர்கள், நடுவில் முத்தைப் பிடிக்கும் கிண்ணங்கள், டங்ஸ்டன் கார்பைடு முனைகள். துளை பெரும்பாலும் 0.6 முதல் 1 மில்லிமீட்டருக்குள். நீர் விடுவதும், அடிக்கடி முனையை வெளியே இழுத்துத் தூளை உதிர்ப்பதும் மாறவில்லை. கறையோ குழியோ இருக்கும் இடத்தில் துளையை வைத்துக் குறையை மறைக்கும் கண்ணும் எந்திரத்துக்கு இன்னும் மனிதரே கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பழைய முத்துமாலை வைத்திருப்பவர்கள் துளையை ஒரு லென்ஸால் பார்க்கலாம். இருபுறமும் வாய் சற்று விரிந்து, நடுவில் இரு துளைகளும் மயிரிழை விலகிச் சந்தித்திருந்தால் கையால் இட்டதாக இருக்க வாய்ப்பு மிகுதி. மறுபடி கோக்கக் கொடுக்கும்போது தடித்த நூலுக்காகத் துளையைப் பெரிதாக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எடையும் குறையும், அந்தத் தடமும் அழியும்.