குரு: ஒரு சொல்லின் எடை

சித்திரை வெயிலில் பிள்ளைகளின் முதுகெங்கும் வேர்க்குரு பொரிந்துவிடும். நுங்கைத் தோண்டி அந்த நீரைத் தடவிவிட்டால் எரிச்சல் அடங்கும். சில ஆண்டுகளில் அந்தச் சித்திரையை ஒட்டியே குருப்பெயர்ச்சியும் வருவதுண்டு. எழுதிப் பார்த்தால் இரண்டிலும் அதே இரண்டெழுத்துதான். நாக்குதான் பிரித்துக் காட்டுகிறது: கொப்புளத்துக்கு வல்லோசை, கோளுக்கு மெல்லோசை.

வல்லோசைக் குரு நம்முடைய பழஞ்சொல். தொல்காப்பியர் உரியியலில் அதற்கு நிறம் என்று பொருள் சொல்கிறார். மலையாளத்தில் இன்றும் 'குரு' என்றால் விதை, கொப்புளம். மகாபாரதத்துக் குருகுலத்தாரின் பெயர் வேறொரு சொல், அதுவும் வல்லோசைதான். குருக்ஷேத்திரம் ஆசிரியரின் களம் அன்று, குரு என்ற அரசன் வழிவந்தோரின் நிலம். இந்தக் கட்டுரை மூன்றாவது குருவைப் பற்றியது. வடமொழியிலிருந்து வந்து, தமிழில் பூசாரியாகவும் பாதிரியாராகவும் கோளாகவும் குடியேறிவிட்ட சொல் அது.

அதன் முதற்பொருள் ஆசிரியன் அல்ல. கனமானது, பளுவானது என்பதே. லத்தீனில் கனத்தைக் குறிக்கும் 'கிராவிஸ்', கிரேக்கத்தில் 'பாருஸ்' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரின் பெயரில் இருப்பதும் அந்தக் கிரேக்கச் சொல்லின் குடும்பம்தான். வடமொழி இலக்கணத்தில் குறில் லகு. நெடிலும், மெய்ம்மயக்கத்துக்கு முன் வரும் குறிலும் குரு. நம் தாள சாத்திரத்தில் லகுவுக்கு நான்கு அட்சரம் என்றால் குருவுக்கு எட்டு. ஆயுர்வேதத்தில் எளிதில் செரிக்காதது குரு: உளுந்து குரு, பாசிப்பயறு லகு. சித்தர் மரபின் அட்டமா சித்திகளில் உடலைப் பளுவாக்குவது கரிமா, பஞ்சாக்குவது இலகிமா. கரிமா குருவின் வழி வந்தது. இலகிமா லகுவின் வழி. நாம் நாள்தோறும் சொல்லும் 'கௌரவம்' கூடக் குருவின் பிள்ளைதான். மதிப்பை எடையாகப் பார்த்த ஒரு காலத்தின் சுவடு அதில் இருக்கிறது.

எடையுள்ள பொருளிலிருந்து எடையுள்ள மனிதருக்கு வருவது ஓர் அடிதான். ஆகவே தொடக்கத்தில் வணங்கத்தக்க மூத்தோர் எல்லோருமே குரு. போர்க்களத்தில் அர்ச்சுனன் கொல்லத் தயங்கும் குருமாரில் பாடம் சொன்ன துரோணர் மட்டும் இல்லை, மடியில் வைத்து வளர்த்த பீஷ்மரும் உண்டு. இந்தப் பழைய பொருளைத் தமிழ் 'குரவர்' என்ற வடிவில் பத்திரப்படுத்தியிருக்கிறது. பெற்றோர் இருமுதுகுரவர். அரசன், ஆசான், தாய், தந்தை, தமையன் ஐவரும் ஐங்குரவர். சைவர்களுக்குச் சமயக் குரவர் நால்வர், சந்தானக் குரவர் நால்வர்.

'கு' என்றால் இருள், 'ரு' என்றால் நீக்குபவர் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது? உபநிடதம் ஒன்றிலேயே உள்ள விளக்கம்தான். அழகானது, தியானத்துக்கு உதவும். ஆனால் அது சொல்லின் வரலாறு அல்ல, சொல்லின் மீது பிற்காலத்தார் சூட்டிய மாலை. மாலையைப் பிறப்புச் சான்றிதழாகக் காட்டும்போது எனக்கு வருத்தமாகிறது. எடை என்ற மூலப்பொருள் அதைவிடக் குறைந்ததா என்ன?

கோளுக்குப் பெயர் வந்த வழி எளிது. தேவர்களின் ஆசிரியர் பிரகஸ்பதி. அவருடைய கோள் குரு. நம் வழக்கில் வியாழன். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் வானை ஒருமுறை சுற்றுவதால் ராசிக்கு ஓராண்டு. கோள்களில் மிகக் கனமானது அதுவே, பூமியைப் போல் சுமார் 318 மடங்கு நிறை. பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தமிழ்நாட்டில் இன்னொரு சேர்க்கையும் நடந்தது. கல்லால மரத்தடியில் மௌனமாக உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியும் குரு, ஆகவே வியாழக்கிழமைகளில் அவருக்குக் கொண்டைக்கடலை மாலை. ஆலங்குடியில் இந்த இணைப்பு தலப்பெருமையாகவே ஆகிவிட்டது. இருவரும் வேறு வேறு. ஒரு சொல்தான் அவர்களை ஒன்றாக்கியிருக்கிறது.

சைவத்தில் இந்தச் சொல் தன் உச்சத்தைத் தொட்ட இடம் ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர் வாதவூரர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகர் ஆனது அங்கேதான் என்பது மரபு. கருவறையில் ஆவுடையார் உண்டு, மேலே லிங்கம் இல்லை. வடித்த சோற்றைச் சூடாகப் படைகல்லில் கொட்டுகிறார்கள். எழும் ஆவிதான் நைவேத்தியம். கனம் என்று பிறந்த சொல் கையில் பிடிபடாத ஒன்றாக மாறும் இடம் அது.

மெய்கண்டார் கதை இதற்கு மறுமுனை. அவருடைய குடும்பத்துக்கே குலகுரு அருணந்தி சிவாசாரியார், ஆகமம் எல்லாம் கற்றவர். சிறுவன் ஒருவன் பாடம் சொல்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனார். ஆணவ மலம் எப்படி இருக்கும் என்று கேட்டார். சிறுவன் வாய் திறக்கவில்லை, நின்றவரையே பார்த்தான் என்கிறது மரபு. குலகுரு காலில் விழுந்து மாணவரானார். மூத்தவர் என்பதே குருவின் பழம்பொருள். அதைத் தலைகீழாக்கிக் காட்டியது இந்தக் கதை.

எடை அழுத்தவும் செய்யும். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டதும் குருவின் பெயரால்தான். 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது தெரிந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி தமிழக அரசியலையே அசைத்தது. 'குருகுலம்' என்ற சொல்லைக் கேட்கும்போது அந்தப் பந்தியையும் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கிறித்தவத் தமிழில் குரு என்றால் பாதிரியார். பங்குக்குரு, குருமடம், குருப்பட்டம், குருத்துவம் என்று ஒரு குடும்பமே உண்டு. (குருத்தோலை ஞாயிறு அந்தக் குடும்பம் அல்ல, அது இளம் ஓலையின் குருத்து.) அப்படிக் குருவாக வந்த வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் மட்டி, மடையன் முதலான ஐந்து சீடர்களையும் படைத்தார். பேச்சுத் தமிழைப் பயில எழுதப்பட்ட அந்தக் கதை 1822இல் லண்டனில் அச்சேறியது. இசுலாமியத் தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபு, பாக்தாதின் முகியித்தீன் ஆண்டகையைத் தம் குருவாக வைத்துப் பாடினார். எந்தச் சமயத்து வாசலிலும் இந்தச் சொல் அந்நியமாக நின்றதில்லை.

கடல் கடந்த இடங்களில் அது எளிமையானது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் குரு என்றால் சம்பளம் வாங்கும் பள்ளி ஆசிரியர், அவ்வளவே. மலேசியத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் அலுவல் மொழியில் 'குரு பெசார்'. அதே தொடர் இந்தோனேசியாவில் பல்கலைக்கழகப் பேராசிரியரைக் குறிக்கும். தாய்லாந்தில் 'க்ரூ'. அங்கே ஆண்டுதோறும் பள்ளிகளில் குரு வணக்கம் நடக்கிறது, பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையில். மாணவர்கள் கொண்டுவரும் தட்டில் அறுகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ இருக்கும். வேரோடிப் படர்வதால் அறுகு; காய்க்கும் முன் தலை கவிழ்வதால் கத்தரிப்பூ; மொட்டு ஊசிபோல் கூர்மையானதால் இட்லிப்பூ. நம் கொல்லையில் உள்ள மூன்றையும் கொண்டு மாணவன் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குத்துச்சண்டை வீரர்கள்கூட மேடையில் முதலில் குருவை வணங்கிய பிறகே கையை உயர்த்துகிறார்கள்.

1968இல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியிடம் வந்து தங்கிய காலத்தை ஒட்டி, மேற்குலகில் எல்லோர் வாயிலும் குரு புகுந்தது. பிறகு நிர்வாகக் குரு, பங்குச்சந்தைக் குரு, உணவுக்கட்டுப்பாட்டுக் குரு என்று நம்மிடமே திரும்பி வந்தது. இவர்களுக்கு வாடிக்கையாளர் உண்டு, சீடர் இல்லை. அதைவிட, காசித் தெருவில் ஒருவரையொருவர் 'குரு' என்று கூப்பிடுவதும், பெங்களூரு இளைஞர்கள் நண்பனை 'ஏன் குரு' என்று விளிப்பதும் எனக்கு நெருக்கமாகத் தோன்றுகின்றன. அங்கே அன்பாவது இருக்கிறது.

இந்தச் சொல்லை மனிதரிடமிருந்தே விடுவித்தவர்கள் சீக்கியர்கள். நானக் முதல் கோவிந்த் சிங் வரை பத்துக் குருமார். 1708இல் நாந்தேடில் உயிர் பிரியும் முன், இனி நூலே குரு என்றார் கோவிந்த் சிங். 1430 பக்கம் கொண்ட அந்த நூலில் நெசவாளர் கபீர், தையற்காரர் நாமதேவர், தோல் தொழிலாளி ரவிதாஸ், இசுலாமியரான ஷேக் ஃபரீத் எல்லோருடைய பாடல்களும் உண்டு. குருத்வாராவில் நூலை விடியலில் எழுப்பித் திறக்கிறார்கள், சாமரம் வீசுகிறார்கள், இரவில் துணிபோர்த்தி உறங்கவைக்கிறார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது தலையில் சுமந்துதான்.

1604இல் அமிர்தசரசில் முதன்முதலாக நூலை எழுந்தருளச் செய்தபோது, முதியவரான பாபா புத்தா அதைத் தலையில் சுமந்து வந்தார் என்பது மரபு. அதைத் தொகுத்தவரும் அன்றைய குருவுமான அர்ஜன், சாமரம் வீசியபடி பின்னால் நடந்து வந்தார். இரவில் நூலைக் கட்டிலில் கிடத்தி, தாம் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார்.