புலியும் ஆடும்: பலகையாட்டமும் ஆடுவோர் கருத்தும்

கொடிய விலங்கை அடக்கிக் காணும் விருப்பம் மனிதனுக்குப் பழமையானது. காட்டிற் புலியைக் கண்டால் ஓடி ஒளிபவனும், கூட்டில் அடைபட்ட புலியைக் காசு கொடுத்துக் காணச் செல்வான். இவ்விருப்பத்தை நிறைவு செய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று சர்க்கஸ் கூடாரம்; மற்றொன்று திண்ணையிற் கரியாற் கீறிய ஆட்டக் கோடு. முன்னையது தோன்றி இருநூற்றைம்பது ஆண்டுகளே கடந்துள்ளன. பின்னையதன் வயதை எவரும் அறுதியிட்டுரைத்தல் இயலாது. ஆயினும், முன்னையதன் வரலாறு நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்க, பின்னையதன் வரலாறு சிதறிய சில குறிப்புகளாகவே கிடக்கின்றது. அதிலும், அதனை ஆடியோர் அதனைப் பற்றி யாது கருதினர் என்பது பெரும்பாலும் ஏட்டில் ஏறாத செய்தி. இவ்வாட்டத்தின் தன்மையையும், அதன் தொன்மை பற்றிக் கிடைக்கும் சான்றுகளையும், ஆடுவோர் கருத்தினையும் தொகுத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்நாட்டார் ஆடுபுலியாட்டம் என்பர். ஈழத்துத் தமிழர் நாயும் புலியும் என்று வழங்குவர். பெயர் வேறுபடினும் ஆட்டத்தின் அடிப்படை ஒன்றே. உச்சியிலிருந்து விரிந்திறங்கும் கோடுகளைக் குறுக்குக் கோடுகள் வெட்டுவதால் உண்டாகும் சந்திகள் இருபத்து மூன்று. ஒருவருக்குப் புலி 3. மற்றவருக்கு ஆடு 15. உச்சியிலும் அதனை அடுத்தும் புலிகள் முதலிற் குந்தியிருக்கும். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாகச் சந்திகளில் இடுவார். புலிக்காரர் முறைக்கு ஒரு புலியை நகர்த்துவார். பதினைந்து ஆடுகளும் இறங்கும் வரையில் எந்த ஆடும் நகர்தல் ஆகாது. புலியின் பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதற்கப்பால் நேர்கோட்டிலுள்ள சந்தி வெறுமையாய் இருப்பின், புலி அவ்வாட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டிற்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் மூன்றும் எப்பக்கமும் அசைய இயலாதவாறு அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றவராவர். அடைத்தற்கு வேண்டிய ஆடுகள் எஞ்சாவிடிற் புலிக்காரர் வென்றவராவர். எத்தனை ஆடு வெட்டுண்டால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

இவ்வாட்டத்தைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலனாகும். சதுரங்கத்தில் இருதரத்துப் படையும் ஒத்த படை. இங்கே எண்ணும் ஒவ்வாது, ஆற்றலும் ஒவ்வாது, வெற்றியின் இலக்கணமும் ஒவ்வாது. ஒருவன் கொல்லுதற்கு ஆடுகின்றான். மற்றவன் கட்டுதற்கு ஆடுகின்றான். ஆங்கில அறிஞர் மரே, 1952இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்த தம் பலகையாட்ட வரலாற்றில், இத்தகையவற்றை வேட்டையாட்டம் எனத் தனி வகையாகப் பிரித்தமை பொருத்தமுடையது. நேபாளத்தில் 4 புலியும் 20 ஆடும் கொண்டு 25 சந்திகளில் ஆடும் பாக்சால், ஐரோப்பாவில் ஆடும் நரியும் வாத்தும் ஆகியன இதன் இனத்தைச் சேர்ந்தவை. எந்நாட்டிலும் வலியது சில, எளியது பல என்னும் அமைப்பு மாறவில்லை. விலங்கின் பெயரே மாறியது.

இனி, ஆட்டத்தின் தொன்மையை நோக்குவோம். சங்க நூல்களுள் வல் என்னும் ஆட்டம் பேசப்படுகின்றது. புறநானூற்றின் 52ஆம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. பகைவர் நாட்டின் பாழ்பட்ட பொதியிலை அப்பாட்டுக் காட்டுகின்றது. அங்கே நரைத்த முதியோர் முன்னர் இருந்து வல்லாடிய இடம் குழிந்து கிடக்கின்றது. அக்குழியில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. அம்முதியோர் இட்ட ஆட்டக் கருவியைப் புலவர் நாய் என்னும் சொல்லாற் குறிக்கின்றார். உரைகாரர் அதற்குச் சூதாடு கருவி எனப் பொருள் கொள்வர். அதே பாட்டின் தொடக்கத்திலே, இரை விரும்பிக் குகையை விட்டெழும் புலி வேந்தனுக்கு உவமையாகின்றது.

நாயும் புலியும் ஒரே பாட்டில் வருதல் கண்டு, ஈழத்தில் வழங்கும் நாயும் புலியும் சங்ககாலத்ததே என்று முடிவு கட்டுதற்கு மனம் விரைதல் இயல்பு. அவ்விரைவு தவறு. பாட்டிற் புலி வேந்தனுக்கு உவமையேயன்றி ஆட்டக்காய் அன்று. அங்கே ஆடியது வல். அதன் விதி முழுவதும் இன்று தெளிவாகத் தெரிந்திலது. பண்டைக் கிரேக்கரும் தம் பலகையாட்டம் ஒன்றன் காய்களை நாய் என்றே அழைத்தனர். அதனால் கிரேக்கரும் தமிழரும் ஒரே ஆட்டத்தை ஆடினர் என்று கூறலாகாது. எனினும் ஒன்று உறுதி. ஆட்டக்காயை நாய் என்று சொல்லும் வழக்குத் தமிழில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. தமிழ்நாட்டில் ஆடென்று மாறியவிடத்தும் ஈழத்தில் நாயென்று நின்ற சொல் அவ்வழக்கின் எச்சமாகலாம். சொல்லின் பழமை வேறு. ஆட்டத்தின் பழமை வேறு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இலங்கையிற் சிங்கள மக்கள் ஆடிய ஆட்டங்களை முதன்முதல் ஒழுங்காக எழுதிவைத்தவருள் ஹென்றி பாக்கர் குறிப்பிடத்தக்கவர். நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய இவர் குளங்களை ஆராய்ந்த கையோடு, கிராமத்தாரின் கதைகளையும் ஆட்டங்களையும் கேட்டறிந்தார். 1909இல் இலண்டனில் வெளியிட்ட பண்டை இலங்கை பற்றிய நூலில், ஒலிந்த கெலிய, பஞ்ச கெலிய, நெரெஞ்சி கெலிய என்பவற்றோடு சிறுத்தையாட்டமாகிய திவியன் கெலியவையும் விவரித்துள்ளார். ஏழு சிறுத்தைகளின் பெயரால் வழங்கும் ஹத் திவியன் கெலிய முக்கோண வடிவான கோட்டில் ஆடப்படுவது. அக்கோடு ஆடுபுலியாட்டத்தின் மேற்பகுதியை நினைவூட்டும். இலங்கைக் காட்டில் இன்று வாழ்வது சிறுத்தையே, புலி இல்லை. அவ்வாறிருக்கப் புலியின் பெயர் ஆட்டத்தில் வருதலால் அது பாரதத்திலிருந்து வந்ததென வாதிடலாம். ஆனால் சிங்களத்திற் கொட்டியா என்னும் சொல்லும், ஈழத் தமிழிற் புலி என்னும் சொல்லும் பேச்சுவழக்கிற் சிறுத்தையையும் குறிக்குமாதலின், பெயர் ஒன்றே சான்றாகாது. களனிக் கங்கையின் கரையிலும் யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும் வேட்டையாட்டம் ஓரினத்ததாய் வழங்கியது என்பதே ஐயமின்றிச் சொல்லத்தக்கது.

கல்லிற் பொறித்த கோடுகள் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறுதல் வேண்டும். மிகிந்தலையிலுள்ள பாறையில் ஆட்டக் கோடுகள் வெட்டப்பட்டிருத்தலைப் பாக்கர் கண்டு, அவற்றைக் கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாக மதித்தார். தமிழ்நாட்டுக் கோயில் தளங்களிலும் ஹம்பியின் மண்டபங்களிலும் இத்தகைய கோடுகள் உள. கட்டடத்தின் காலம் கல்வெட்டால் தெரியலாம். கோட்டின் காலம் அவ்வாறு தெரியாது. சோழன் இட்ட கல்லில் நேற்று ஆடு மேய்த்த சிறுவனும் கோடு கீறியிருக்கலாம். ஆகவே கற்கோடு ஆட்டம் நிகழ்ந்த இடத்தைக் காட்டுமேயன்றிக் காலத்தைக் காட்டாது.

சமய நூல்களும் அறநூல்களும் ஆட்டங்களை நல்லெண்ணத்துடன் நோக்கவில்லை. புத்தர் பெருமான் தம் ஞானம் எய்திய எட்டாம் ஆண்டிற் களனிக்கு எழுந்தருளினார் என மகாவம்சம் கூறும். அப்பெருமானின் உரையாகிய பிரமசால சூத்திரம், துறவியர் விலக்க வேண்டிய பொழுதுபோக்குகளுள் எட்டுக்கட்டப் பலகையையும் பத்துக்கட்டப் பலகையையும் எண்ணுகின்றது. திருவள்ளுவரோ சூது என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் வள்ளுவர் கடிந்தது பணையம் வைத்தாடும் சூது. ஆடுபுலியாட்டத்திற் கவறு இல்லை. பணையமும் இயல்பாக இல்லை. உருளும் காய் எதுவும் இல்லாத ஆட்டத்தில் தோற்றவன் விதியை நொந்துகொள்ள வழியில்லை. தன் அறிவையே நொந்துகொள்ளல் வேண்டும். அதனாற்போலும், சூதாடியவனை வெறுத்த ஊர் புலியாடியவனை வெறுக்கவில்லை.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளுதற்குப் பரமபதம் நல்ல ஒப்புமை. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருப்போர் ஆடும் அவ்வாட்டத்திற் பாம்பும் விலங்குதான். ஆனால் அங்கே ஏறுவதும் இறங்குவதும் தாயத்தின் கையில். மேனாட்டில் அச்சிட்ட வண்ணப் பலகைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இவ்வகை ஓட்டப் பலகைகளே மிகுந்தன. அமெரிக்கரான மில்ற்றன் பிராட்லி 1860இல் வெளியிட்ட வாழ்க்கைப் பலகையிற் கவறு சூதாட்டத்தை நினைவூட்டும் என்று கருதி, எண் பொறித்த பம்பரத்தைப் பயன்படுத்தினார். பின்னர்ச் சர்க்கஸ் கூடாரமும் கோமாளியும் சிங்கமும் இப்பலகைகளிற் படமாயின. சிறுவர்க்கு அவை கண்ணுக்கு விருந்து. ஆயினும் ஓவியத்தை நீக்கி நோக்கின் எஞ்சுவது எண் விழுதலும் காய் நகர்தலுமே. அங்கே சிங்கம் படம். ஆடுபுலியிற் புலியோ ஒரு வினை. புளியங்கொட்டையாகவோ கல்லாகவோ இருந்தாலும், அது தாண்டும்போது புலியாகவே தோன்றும்.

ஆடுவோர் கருத்து இவ்விடத்திலேதான் சிறப்புறுகின்றது. புதிதாகக் கற்கும் சிறுவன் புலியையே கேட்பான். வெட்டும் உரிமை புலிக்கே உண்டு. மூன்றே காய்களை நினைவில் வைத்தாற் போதும். நாட்பட ஆடியவனோ ஆட்டையே விரும்புவான். முதற் சில ஆடுகளை ஓரங்களிலும் ஒன்றன்பின் ஒன்று முதுகு காக்குமாறும் இட்டுவிட்டால், புலி தாண்டுதற்கு வெற்றிடம் காணாது அலையும். ஆட்டுக்காரன் செய்யும் ஒரு பிழை ஓர் ஆட்டை இழக்கச் செய்யும். புலிக்காரன் செய்யும் பிழை உடனே தெரியாது, பத்து முறை கழித்தே தெரியும். ஆகவே ஆட்டின் பக்கம் பொறுமையைக் கேட்கின்றது. புலியின் பக்கம் தூரநோக்கைக் கேட்கின்றது. இருவர் ஆடும்போது பக்கம் மாற்றி இருமுறை ஆடுதல் நேர்மையானது என்னும் கருத்தும் இதனாலேயே எழுந்தது.

எப்பக்கம் வலியது என்னும் இவ்வழக்கு அண்மைக் காலத்திற் கணிப்பொறியின் முன் சென்றது. நேபாளத்துப் பாக்சாலைச் சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் இயூ ஜின், சுவிற்சலாந்தைச் சேர்ந்த நீவர்கெல்ற் என்னும் அறிஞர் இருவர் கணித்தாராய்ந்தனர். இருவரும் பிழையின்றி ஆடின் வெற்றி தோல்வி இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. 2009இல் வெளிவந்த தொகுதியில் அது விளக்கப்பட்டுள்ளது. கோடும் எண்ணும் வேறாதலின் இம்முடிவை ஆடுபுலியாட்டத்தின் மேல் அப்படியே ஏற்றல் ஆகாது. ஆயினும் ஒவ்வாப் படைகளைக் கொண்டு ஒத்த ஆட்டம் ஆக்க இயலும் என்பது இதனால் உறுதியாயிற்று. கணிதம் கல்லாத முன்னோர் எத்தனையோ தலைமுறை ஆடி ஆடி, காயைக் கூட்டியும் குறைத்தும் இந்நிறையை எய்தியிருத்தல் வேண்டும். ஆட்ட விதி என்பது ஒருவர் இயற்றிய சட்டம் அன்று. ஆடியோர் பலரின் கருத்து உறைந்து நின்ற வடிவம்.

மீண்டும் கூடாரத்தை நோக்குவோம். 1768இல் இலண்டனில் பிலிப் அஸ்ற்லி குதிரை வித்தை காட்டத் தொடங்கியதிலிருந்து சர்க்கஸ் வரலாறு தொடங்குவதாகக் கொள்வர். பாரதத்தில் விஷ்ணுபந்த் சத்ரே 1880இற் சர்க்கஸ் கண்டார்; பிரியநாத போசு 1887இல் வங்கச் சர்க்கஸ் தொடங்கினார்; அங்கே சுசீலா சுந்தரி என்னும் பெண் புலிக்கூட்டினுட் புகுந்து வித்தை செய்து புகழ்பெற்றார். நூறு ஆண்டு கழிந்தபின், 1998இல் இந்திய அரசு புலி, சிங்கம் முதலியவற்றைக் காட்சிக்குப் பழக்குதலைத் தடுத்தது. 2001இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நிலைநிறுத்தியது. சாட்டையால் அடங்கிய புலி கூடாரத்தை விட்டு நீங்கியது. பலகைப் புலிக்குச் சாட்டை இல்லை. அதனை அடக்குவது ஆடுகள் ஒன்றையொன்று பிரியாது நிற்கும் நிலை. தனித்து நின்ற ஆடு இரையாகும். பின்னே துணையுடைய ஆடு மதிலாகும். இவ்வுண்மையை எந்த ஆசானும் சொல்லாமலே சிறுவர் கற்றனர்.

கோடு கல்லில் நிலைக்கும். விதி நாவில் மட்டுமே நிலைக்கும். பொதியில் முதியோர் ஆடிய வல்லின் விதி அவர்களோடு மறைந்தது. குழி மட்டும் பாட்டில் நின்றது. பாக்கர் கிராமத்தாரைக் கேளாதிருந்தால், திவியன் கெலியவும் பொருள் தெரியாத கீறலாகவே எஞ்சியிருக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகள் எழத் திண்ணைகள் மறைந்தன; ஆயினும் ஆடியறிந்த பாட்டன்மாரும் பாட்டிமாரும் அவ்வீடுகளிலேயே இருக்கின்றனர். எத்தனை ஆடு இழந்தாற் தோல்வி, முதல் ஆட்டை எங்கே இடுதல் நன்று, நாய் என்பதா ஆடு என்பதா என்று அவர்களைக் கேட்டு, ஊரின் பெயரோடு எழுதிவைத்தல் மாணவர் எவர்க்கும் இயலும் பணி. அவ்வெழுத்துச் சேருமாயின், இவ்வாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகும் பிற்காலத்தார்க்கு வெறுங்குழியன்றி ஆடியோர் குரலே சான்றாகும்.