எல்லைப்புற வழக்கும் மொழிபெயர்ப்புப் பரிசும்

1. முன்னுரை

இலக்கியப் பரிசின் எல்லையை நிலத்தால் வகுப்பதும் உண்டு. மொழியால் வகுப்பதும் உண்டு. செர்மன் மொழி அறிவியல் புனைகதைகளுக்கென 1980இல் நிறுவப்பெற்று, 1981 முதல் வழங்கப்பெற்று வரும் கூர்ட் லாஸ்விட்சு பரிசு இரண்டாம் வகையினது. 'இரு கோள்களில்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1897இல் புதினம் எழுதிய கூர்ட் லாஸ்விட்சின் (1848-1910) பெயரை அது தாங்கியுள்ளது. நூல் செர்மன் மொழியில் அமைதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆசிரியர் செருமனியரா, ஆஸ்திரியரா, சுவிட்சர்லாந்தினரா என்பது பொருட்டன்று. வியன்னாவில் பிறந்த எர்பர்ட் ஃபிராங்கே அப்பரிசைப் பெற்றோருள் ஒருவர். பணமுடிப்பு இல்லாத இப்பரிசுக்கு அத்துறையில் தொழில்முறையாக ஈடுபட்டோர் வாக்களிக்கின்றனர். அவர்களுள் மொழிபெயர்ப்பாளர்களும் அடங்குவர். சிறந்த மொழிபெயர்ப்புக்குத் தனிப்பிரிவும் உண்டு.

இந்தியாவில் மொழியை அடிப்படையாகக் கொண்டு பரிசு வழங்கும் தலையாய நிறுவனம் 1954இல் தோன்றிய சாகித்திய அக்காதெமியாகும். 2017ஆம் ஆண்டிற்கான அதன் தமிழ் மொழிபெயர்ப்புப் பரிசு, பாலக்காட்டு எல்லைப்புறத்தைக் களமாகக் கொண்ட மலையாளப் புதினம் ஒன்றின் தமிழாக்கத்திற்குக் கிடைத்தது. இனமொழிகளுக்கிடையே நிகழும் பெயர்ப்பு எவ்வாறு மதிக்கப்படுகின்றது என்பதையும், அம்மதிப்பில் விடுபடுவது யாது என்பதையும் அப்பரிசின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. எல்லையும் மொழியும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துடன் இணைந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்திற்கு வந்தன. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் பகுதிகளாயின.

இவ்விரு எல்லைப்புறங்களின் தமிழும் ஒருதன்மையது அன்று. மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தமிழ், பெரும்பாலும் தேயிலை, ஏலத் தோட்டப் பணிக்குக் குடிபெயர்ந்தோர் கொணர்ந்த தமிழாகும். பாலக்காட்டிலோ, மேற்குத்தொடர்ச்சி மலையின் பெருங்கணவாய் வழியே கொங்குநாட்டுடன் நெடுங்காலத் தொடர்பு நிலவியது. சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்குகின்றன.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த வழிசெய்கின்றது. எனினும், கேரள சாகித்திய அக்காதெமியின் பரிசுகள் மலையாள நூல்களுக்கு உரியவை. ஆகவே, அம்மாநிலத்துத் தமிழ் எழுத்து அங்கே போட்டிக்கு வர இயலாது. நில எல்லையைப் பொருட்படுத்தாத மொழிவழிப் பரிசின் தேவை இவ்விடத்தில் புலனாகின்றது.

3. 'கசாக்'கும் பரிசுகளும்

ஓ. வி. விஜயன் (1930-2005) பாலக்காட்டுப் பகுதியிலுள்ள விளையன்சாத்தனூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரின் ஓராசிரியர் பள்ளியில் 1956இல் அவருடைய உடன்பிறந்தாள் ஆசிரியர் பணி ஏற்றார். அவ்வூரில் தங்கிய நாள்களின் பட்டறிவே 'கசாக்கின்டெ இதிகாசம்' என்னும் புதினத்திற்கு வித்தாயிற்று. 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வெளிவந்த இப்புதினம் 1969இல் நூலுருப் பெற்றது.

1970இல் ஓடக்குழல் விருது இந்நூலுக்கு வழங்கப்பெற்றது. ஆயின், விஜயனுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது 1990இல், 'குருசாகரம்' என்னும் பிறிதொரு புதினத்திற்கேயாகும். 'கசாக்'கின் பெயர் அக்காதெமியின் தமிழ்ப் பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது, நூல் வெளிவந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், கவிஞரும் ஓவியருமான யூமா வாசுகியின் 'கசாக்கின் இதிகாசம்' வாயிலாகவேயாம்.

அக்காதெமி தன் மொழிபெயர்ப்புப் பரிசை 1989இல் ஏற்படுத்தியது. யூமா வாசுகி பரிசு பெற்றதற்கு மறு ஆண்டும் மலையாளத்திலிருந்து வந்த நூலே தமிழுக்கான பரிசைப் பெற்றது. குளச்சல் மு. யூசுப் பெயர்த்த 'திருடன் மணியன்பிள்ளை' அந்நூலாகும். மலையாள - தமிழ்ப் பெயர்ப்பு எளிய பணி என்னும் பொதுக் கருத்தை இவ்விரு தேர்வுகளும் ஓரளவு மறுத்தன எனலாம்.

4. அண்மையின் இடர்

அக்கருத்து பிழையானது என்பதைச் சொற்களே காட்டும். மலையாளத்தில் 'அவசரம்' வாய்ப்பைக் குறிக்கும். தமிழில் விரைவைக் குறிக்கும். அங்கு 'வெள்ளம்' குடிக்கும் நீர். இங்குப் பெருக்கெடுத்தோடும் நீர். 'சம்சாரம்' அங்குப் பேச்சு, இங்கு மனைவி. மலையாளத் 'தூங்குக' தொங்குதலைச் சுட்டும். பழந்தமிழிலும் 'தூங்கு' என்பதற்கு அப்பொருள் உண்டு. தூக்கணாங்குருவி என்னும் பெயரில் அஃது இன்றும் எஞ்சியுள்ளது. எழுத்தொலி ஒத்திருப்பதாலேயே பெயர்ப்பாளர் ஏமாற இடமுண்டு. தொலைமொழிப் பெயர்ப்பில் இத்தகு இடர் குறைவு.

அண்மை தரும் ஊதியமும் உண்டு. விஜயனே தம் நூலை ஆங்கிலமாக்கி 1994இல் வெளியிட்டபோது, தலைப்பிலிருந்த 'இதிகாசம்' தொன்மக் கதைகள் என்னும் பொருள்படும் சொல்லாக மாறியது. இராமாயண பாரதங்களை நினைவூட்டும் ஆழம் அதில் இல்லை. தமிழிலோ வேற்றுமை உருபு ஒன்று மாறியதன்றித் தலைப்பு முழுமையாக நிற்கின்றது.

இவற்றினும் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. 'கசாக்'கின் உரையாடல்களில் தமிழ் கலந்த பாலக்காட்டு வழக்கு பயில்கின்றது. இராவுத்தர் முதலான மக்களின் பேச்சு, தரப்படுத்தப்பட்ட மலையாளத்திலிருந்து விலகித் தனித்து ஒலிப்பது மூலத்தின் சுவைகளுள் ஒன்று. அவ்வேறுபாட்டை உணர்த்தும் கூறே தமிழ்தான். தமிழுக்கு வந்ததும் அக்கூறு இயல்பான மொழியோடு கரைந்து போகின்றது. மூலத்தில் அயன்மையாய் நின்றது பெறுமொழியில் அடையாளமற்றதாகின்றது.

இதனை ஈடுசெய்யப் பெயர்ப்பாளருக்கு மூன்று வழிகள் உள. கொங்கு வழக்கைக் கையாளலாம். ஆயின் கதை கோவைக்கு இடம்பெயர்ந்துவிடும். மலையாளச் சொற்களை அப்படியே வைக்கலாம். ஆயின் கலப்பின் திசை தலைகீழாகும். பாலக்காட்டுத் தமிழையே பயன்படுத்தலாம். அதற்குத் துணைநிற்கும் வட்டார வழக்குச் சொல்லகராதி இன்றியமையாதது.

5. முடிவுரை

அக்காதெமியின் நடுவர் மூவரும் தமிழ் நூலாகவே ஒரு பெயர்ப்பை மதிப்பிட நேரின், மேற்கூறிய இழப்பு அவர்தம் கண்ணுக்குப் புலப்படாது. பெயர்ப்பு எவ்வளவுக்கு இயல்பாக ஒலிக்கின்றதோ அவ்வளவுக்கு அவ்விழப்பு மறைந்திருக்கும். மூலத்தையும் உடன்வைத்து ஒப்பிடும் முறையே இனமொழிப் பெயர்ப்புக்கு நீதி செய்வதாகும்.

பாலக்காட்டு எல்லையின் தமிழ், மலையாளப் புதினம் ஒன்றினுள் புகுந்து, மீண்டும் தமிழுக்குத் திரும்பியே பரிசுப் பட்டியலை எட்டியது. அத்தமிழைப் பேசுவோர் சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் வழக்குகளைத் தொகுத்தல் மொழியியலார் கடன். அத்தொகுப்பு அமையுமாயின், அடுத்துவரும் மொழிபெயர்ப்பாளர், கரைந்து மறையும் அக்குரலைத் தமிழுக்குள்ளேயே தனித்து ஒலிக்கச் செய்தல் கூடும்.