குடவோலையும் கிராம சபையும்

ஊராட்சியின் பழம்பெருமையைப் பேசும்போதெல்லாம் நாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைவுகூர்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்த திருத்தூதர்களை (திப 1:26) அறிந்த நமக்கு, இம்முறை மகிழ்வூட்டுவது இயல்பே.

ஆயினும் அக்குடத்தில் யாருடைய ஓலை இடப்படவில்லை என்பதையும் நாம் கேட்க வேண்டும். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியன தகுதிகளாக இருந்தன. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. நம் தஞ்சையிலேயே இதற்கு இணையான சான்று உண்டு. பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களின் நிலக்கணக்கைக் கூறும் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் குறிக்கப்பட்டுள்ளன. நிலத்தையும் வாய்க்காலையும் அளந்து எழுதிய அதே கல்லில், மனிதர்க்கிடையே நின்ற எல்லையும் பதிவாகியிருக்கிறது.

அந்த எல்லை நெடுங்காலம் நீடித்தது. தஞ்சைப் பண்ணையாள்களின் பாதுகாப்புக்கென 1952இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. 1958இல் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தது. ஆனால் 1968 டிசம்பர் 25 அன்று இரவு, நாம் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடிய அதே நாளில், கூலித் தகராறு முற்றிய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சட்டம் மட்டுமே ஊரையும் சேரியையும் ஓர் அவையில் அமர்த்திவிடவில்லை.

இவ்விடத்தில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் நமக்கு ஒளி தருகிறது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அம்முறையீட்டை அடக்கவில்லை. சீடர் அனைவரையும் ஒருங்கே அழைத்தனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பது கருதத்தக்கது. குறையுற்றோர் தரப்பினரிடமே பகிர்வின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது எனலாம்.

1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இவ்வழியில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தன. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினரே. அங்கே நிலம் கேட்கப்படுவதில்லை, சாதியும் கேட்கப்படுவதில்லை. ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் ஊராட்சிப் பதவிகளில் இடஒதுக்கீடு வந்தது. எனினும் மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில், தலைவர் பதவி பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடைபெற இயலவில்லை என்பதை மறத்தல் ஆகாது.

குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் கிராம சபைக்குரியனவாயின. வரவு செலவுக் கணக்கைக் கேட்கவும், பயனாளிகள் பட்டியலை ஆராயவும் அங்கே உரிமை உண்டு. வாய்க்கால் தூர்வாருதல், குடிநீர், நெல் கொள்முதல் நிலையம், சேரியிலிருந்து இடுகாட்டுக்குப் பாதை என நம் டெல்டாவின் அன்றாடக் கவலைகள் பலவும் அங்கே பேசத்தக்கவை.

உலகியல் காரியங்களை இறைத்திட்டத்திற்கேற்ப ஒழுங்குபடுத்துவது பொதுநிலையினரின் தனிப்பணி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. ஆகவே கிராம சபைக்குச் செல்வதும் நம் விசுவாச வாழ்வின் ஒரு பகுதியே. செல்லும்போது நம் தெருவின் குறையை மட்டும் எடுத்துச் செல்லாதிருப்போம். பேசத் தயங்கிக் கடைசி வரிசையில் நிற்கும் கூலித் தாய்க்கு முன்வரிசையில் இடம் தந்து, அவர் சொல் தீர்மான ஏட்டில் ஏறும்வரை உடனிருப்போம்.