சாவி இருக்கும் ஊர்

தமிழ் அச்சின் முதல் தலைமுறை நூல்களைத் தேடிப் புன்னக்காயலுக்குப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். தாமிரபரணி கடலில் கலக்கும் அந்தச் சிற்றூரோடு பிணைந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார், 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1600இல் மறையும்வரை இந்தக் கரையிலேயே உழைத்தவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 16 பக்கமாக அச்சேறியது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது, அறுநூறு பக்கத்துக்கும் மேல். இது புன்னக்காயலிலேயே அச்சானது என்பது பரவலான கருத்து. கொச்சி என்பாரும் உண்டு. எங்கே அச்சானாலும் படிக்க வேண்டியவர்கள் இக்கரைப் பரதவர்கள். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களே. ஆனால் இன்று முன்னதைப் பார்க்க அமெரிக்காவின் ஹார்வர்டுக்கும் பின்னதைப் பார்க்க வத்திக்கானுக்கும் போக வேண்டும். உப்புக்காற்றும் கரையானும் ஆட்சி மாற்றமும் உள்ளூர்ப் பிரதிகளை விட்டுவைக்கவில்லை. கப்பலேறிப் போனவைதான் மிஞ்சின. ஒரு பொருள் பிழைப்பது அதைச் சுற்றி எவ்வளவு காவல் போட்டோம் என்பதைப் பொறுத்ததல்ல, அதற்கு வெளியே எதை வைத்தோம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று தமிழில் இல்லை.

இந்தப் பழங்கதை இன்றைய மடிக்கணினிக்கு அப்படியே பொருந்தும். காலையில் திறந்ததும் நீலத்திரை எழுந்து, விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கிறது: ஆறாறாக எட்டுக் கட்டு, மொத்தம் 48 இலக்கம். பலர் வைரஸ் என்று பதறுகிறார்கள். நடப்பது வேறு. வட்டில் உள்ள அனைத்தும் குறியாக்கப்பட்டிருக்கும். திறக்கும் சாவியை டிபிஎம் என்ற சில்லு வைத்திருக்கும். கணினி எழும் விதம் நேற்றுப்போலவே இருந்தால் மட்டும் அது சாவியைத் தரும். பயாஸ் புதுப்பிக்கப்பட்டாலோ தாய்ப்பலகையை மாற்றினாலோ ‘ஆள் மாறிவிட்டார்’ என்று கதவைச் சாத்திவிடும். சில வேளை விண்டோஸ் புதுப்பிப்பே இதைக் கிளப்பிவிடும்; 2024 ஜூலையிலும் 2025 மேயிலும் அப்படி நடந்து, மைக்ரோசாஃப்ட் பின்னர் திருத்தம் வெளியிட்டது. வாயிற்காவலன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறான், வீட்டுக்காரருக்கு அடையாளச் சீட்டு எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் சுருண்டபோது, பழுது நீக்கப் போனவர்களிடம் அவற்றில் பல இந்தச் சாவியைக் கேட்டன. சாவிகளைச் சேர்த்துவைத்த சர்வரே படுத்துவிட்ட அலுவலகங்களும் இருந்தன. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போல.

இங்கே ஒரு மறுப்பு எழும். புத்தகம் எல்லோரும் படிப்பதற்கு, வட்டு யாரும் படிக்கக்கூடாதது. ஒன்றைக் காக்கும் பிரதி மற்றொன்றைக் காட்டிக்கொடுக்காதா? பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. வத்திக்கானில் இருந்த ‘அடியார் வரலாறு’ திறந்த புத்தகமாகவா இருந்தது? தமிழறியாத ஊர், மெய்க்குப் புள்ளியிடாத, எகர ஏகாரம் பிரிக்காத எழுத்து. பூட்டிய பெட்டிக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததில்லை. அதைத் திறக்க உதவக்கூடிய சாவியையும் அண்டிரிக் அடிகளாரே செய்திருந்தார்: போர்த்துக்கீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம். ஆனால் அந்தக் கையெழுத்துப்படி லிஸ்பனில் கிடந்தது. பெட்டி ரோமில், சாவி லிஸ்பனில். 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இந்நூல்களை வெளியே கொண்டுவரும்வரை அது பூட்டியே இருந்தது. தனித்தனியே கிடந்த இரண்டும் ஒருவருக்கும் பயன்படவில்லை என்பதுதான் மறுப்புக்குப் பதில். எந்தக் கணினிக்கு என்று எழுதாத 48 இலக்கத் தாளைத் திருடியவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கணினியும் தாளும் ஒரே பையில் இருந்தால்தான் ஆபத்து.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைக்கும் கணினிகளில் குறியாக்கம் பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே தொடங்கி, சாவியும் அக்கணக்கிலேயே போய்ச் சேர்கிறது. அப்படியானால் அது நமதா, அந்நிறுவனத்தினதா? புன்னக்காயலின் புத்தகம் வத்திக்கானுடையது ஆனதைப் போல, பிறர் கிடங்கில் இருப்பதைப் பிறரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அரசு கேட்டால் அவர்களும் கொடுக்கக்கூடும். இதை மறுக்க முடியாது. அதனால் கணக்கில் இருந்தாலும் தாளில் ஒரு பிரதி வீட்டுப் பீரோவில் வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, அது பூட்டுக்குச் சேருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பூரி ஜெகந்நாதர் கோவில் பொக்கிஷ அறையான ரத்ன பண்டாரத்தின் உள்ளறைச் சாவியைக் காணோம் என்று 2018இல் ஒடிசாவே கொந்தளித்தது. பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் ‘மாற்றுச் சாவி’ என்றெழுதிய உறை கிடைத்தது. 2024 ஜூலை 14இல் திறக்கப் போனபோது அச்சாவிகள் பூட்டுக்குச் சேரவில்லை, பூட்டை அறுத்தார்கள். பிட்லாக்கர் திரையில் சாவிக்குரிய அடையாள எண் தெரியும். பழைய கணினியின் தாளைப் புதியதன் பெயரில் வைத்திருப்பவர் அந்தத் திரையின் முன்தான் அதை அறிவார். பூரியில் அறுக்க ஒரு பூட்டாவது இருந்தது, குறியாக்கிய வட்டில் அதுவும் கிடையாது.

‘அடியார் வரலாறு’ கடைசியில் ஊர் திரும்பியது. இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்து, 1967இல் புன்னக்காயலுக்குப் பக்கத்துத் தூத்துக்குடியில் வெளியானது. முதல் அச்சுக்கும் அதற்கும் இடையே 381 ஆண்டுகள்.